வீட்டு ரூட்டரின் வரிசை: அளந்து பார்ப்பதும் எழுதி வைப்பதும்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டு ரூட்டருக்குள் இணையப் போக்குவரத்தை ஒழுங்குசெய்யும் மென்பொருளைச் சோதிப்பதும், சோதித்து அறிந்ததைப் பிறருக்குப் பயன்படும்படி எழுதி வைப்பதும் சில ஆண்டுகளாக என் வேலையாக இருந்து வருகின்றன. நான் எழுதிய வழிகாட்டி ஒன்றில் இருந்த ஒரு வாக்கியத்திலிருந்தே இந்த உரையைத் தொடங்குகிறேன். "பதிவிறக்க வேகம் என்ற கட்டத்தில் உங்கள் இணைப்பின் வேகத்தை இடவும்" என்பது அந்த வாக்கியம். படிக்கும்போது அதில் குறை ஏதும் தெரியாது. விநாடிக்கு 50 மெகாபிட் இணைப்பு வைத்திருந்த ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கட்டத்தில் 50 என்று இட்டார். அந்த நிமிடத்திலிருந்து அவர் வீட்டில் ஒரு பக்கம்கூட ஒழுங்காகத் திறக்கவில்லை. அந்த மென்பொருள் எண்ணைக் கிலோபிட் கணக்கில்தான் எடுத்துக்கொள்ளும். விநாடிக்கு 50 கிலோபிட் என்றால், 1500 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்) கொண்ட ஒரே ஒரு பொதி, அதாவது பாக்கெட், கடந்துசெல்ல 240 மில்லி விநாடி ஆகும். நிரலில் பிழை இல்லை. செய்த சோதனைகளும் சரியாகவே இருந்தன. அலகைச் சொல்லாமல் விட்ட என் வாக்கியம்தான் அவருடைய இணைப்பை முடக்கியது. சோதனையும் ஆவணமும் தனித்தனி வேலைகள் என்ற எண்ணத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.

இந்த மென்பொருள் எதைச் சரிசெய்ய வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து வெளியே போகும் பொதிகள் யாவும் ஒரு குறுகலான இடத்தில் காத்திருந்துதான் போக வேண்டும். காத்திருக்கும் பொதிகளுக்கென்று மோடமிலும் ரூட்டரிலும் நினைவக இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பொதி எதுவும் தவறிப்போகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அந்த இடத்தைத் தாராளமாக வைத்துவிட்டார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. 256 கிலோபைட் இடம் நிரம்பிக் கிடக்க, வெளியேறும் வேகம் விநாடிக்கு 1 மெகாபிட்டாக இருந்தால், வரிசையின் கடைசியில் சேரும் பொதி ஏறத்தாழ 2 விநாடி காத்திருக்க வேண்டும். ஒருவர் பெரிய கோப்பை அனுப்பத் தொடங்கியதும் பக்கத்து அறையில் நடக்கும் இணையவழி உரையாடல் திணறுவதற்கு இதுவே காரணம். 2010-ஆம் ஆண்டில் ஜிம் கெட்டிஸ் என்ற நிரலாளர் தம் வீட்டு இணைப்பிலேயே இந்தத் திணறலை அளந்து, அதன் காரணத்தைத் தேடிப் போனார். பஃபர்ப்ளோட் என்ற பெயரில் இந்தக் கோளாறு பரவலாகப் பேசப்பட்டது அதன் பிறகுதான்.

தீர்வும் விரைவிலேயே வந்தது. கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேகப்சன் ஆகிய இருவரும் 2012-இல் வெளியிட்ட கோடெல் என்னும் முறை, வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொதியும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதையே பார்க்கிறது. 100 மில்லி விநாடி காலத்துக்குள் ஒரு முறைகூடக் காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கவில்லையென்றால், அந்த வரிசை தேங்கி நிற்கிறது என்று முடிவுசெய்து, பொதிகளை இடைவெளி விட்டுக் கைவிடத் தொடங்குகிறது. அனுப்பும் கணினி அதைக் கண்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வரிசை தரும் எஃப்க்யூ-கோடெல் அதே ஆண்டில், பல ரூட்டர்களை இயக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்ந்தது. வீட்டு ரூட்டர்களை மனத்தில் வைத்தே உருவான கேக் என்னும் முறை, 2018-இல் வந்த லினக்ஸ் 4.19 பதிப்பில் இடம்பெற்றது. ஓபன்டபிள்யூஆர்டி போன்ற ரூட்டர் மென்பொருள்களில் இவற்றை எவரும் பயன்படுத்தலாம்.

இவை பயன் தர வேண்டுமானால் வரிசை நம் கைக்குள் இருக்க வேண்டும். மோடமின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக நம் ரூட்டர் அனுப்பினால்தான் வரிசை மோடமில் சேராமல் ரூட்டரில் சேரும். பதிவிறக்கத்தில் இது இன்னும் நுட்பமானது. பொதிகள் குறுகலைத் தாண்டி வந்த பிறகே அவை நம் கண்ணில் படுகின்றன என்பதால், அந்தத் திசையில் வேகத்தைக் கூடுதலாக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். சோதனையின் தேவை இங்கேதான் எழுகிறது.

வேகத்தை மட்டும் காட்டும் வழக்கமான சோதனை இதற்குப் போதாது. இணைப்பு முழுச் சுமையில் இருக்கும்போது தாமதம் எவ்வளவு என்பதை அறிய வேண்டும். டோக்கே ஹோய்லண்ட்-யோர்கென்சன் உருவாக்கிய ஃப்ளென்ட் என்னும் கருவியில் ஆர்ஆர்யூஎல் என்றொரு சோதனை உண்டு. அது இரு திசைகளிலும் நான்கு நான்கு இணைப்புகளைத் திறந்து சுமையேற்றிவிட்டு, அதே நேரத்தில் சிறு பொதிகளை அனுப்பி அவை போய்வரும் நேரத்தைக் குறிக்கிறது. ஒரு சோதனை 60 விநாடி ஓடுகிறது, விநாடிக்கு 5 அளவீடுகள் என்று கொள்வோம், மொத்தம் 300. அவற்றில் 285 அளவீடுகள் 20 மில்லி விநாடியாகவும், தொடர்ந்து வந்த 15 அளவீடுகள் 400 மில்லி விநாடியாகவும் இருந்தால், சராசரி வெறும் 39 தான். அறிக்கையில் 39 என்று படிப்பவர் மகிழ்ந்துபோவார். ஆனால் அந்த 15 அளவீடுகளின் பொருள், 3 விநாடி நேரம் உரையாடல் அறுந்துபோனது என்பது. ஆகவே சராசரியை மட்டும் எழுதிய அறிக்கையை நான் ஏற்பதில்லை. நூற்றில் 95 அளவீடுகள் எந்த எல்லைக்குள் அடங்கின, 99 எந்த எல்லைக்குள் அடங்கின என்று கேட்கிறேன். முடிந்தால் முழு வரைபடத்தையும் கேட்கிறேன்.

அளக்கும் இடமும் முக்கியம் என்பதைப் பட்டுத்தான் அறிந்தேன். ஒருமுறை மடிக்கணினியை வைஃபையில் இணைத்துச் சோதித்தபோது தாமதம் அவ்வப்போது 80 மில்லி விநாடி வரை துள்ளியது. இரண்டு நாள் மாலை முழுவதும் ரூட்டரின் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் கேபிளில் இணைத்ததும் துள்ளல் அடியோடு மறைந்தது. வைஃபைக்கென்று தனி வரிசை உண்டு. இணைய இணைப்பின் வரிசையைத் திருத்துவதால் அது திருந்தாது. அந்த இரண்டு மாலைகளின் குறிப்புகளில் எப்படி இணைத்தேன் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுதும் பழக்கம் இருந்திருந்தால் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

தொலைபேசிக் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் இணைப்புகளில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அந்தத் தடத்தில் தரவு 53 பைட் கொண்ட சிறு அறைகளில் பயணம் செய்கிறது. ஓர் அறையில் 48 பைட்டே நம் பொதிக்கு, மீதி 5 பைட் தலைப்புக்கு. மேலுறைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொதி 96 பைட் என்றால் இரண்டு அறைகள், அதாவது 106 பைட் போதும். 97 பைட் ஆகிவிட்டால் மூன்று அறைகள், 159 பைட். ஒரே ஒரு பைட் கூடியதற்குப் பாதிப் பங்கு கூடுதல் செலவு. இந்தக் கணக்கை மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால், பெரிய கோப்புகளை வைத்துச் செய்யும் சோதனையில் எல்லாம் நன்றாகவே தெரியும். சிறு பொதிகளால் ஆன குரல் உரையாடல்கள் பெருகும்போதுதான் வரிசை மறுபடியும் மோடமில் தேங்கும். சிறு பொதிகளை வைத்துச் சோதிக்காதவர் இந்தப் பிழையைக் காணவே முடியாது.

வீட்டில் உள்ளவர்களுக்கிடையே பங்கீடு நியாயமாக இருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். ஒரு கணினி 8 இணைப்புகளையும் இன்னொரு கணினி ஒரே இணைப்பையும் ஒரே சர்வருக்குத் திறந்து, 45 மெகாபிட்டைப் பகிர்ந்துகொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இணைப்புக்கு இணைப்பு சமம் என்றால் இரண்டாவது கணினிக்கு 5 மெகாபிட். கணினிக்குக் கணினி சமம் என்றால் 22.5 மெகாபிட். கேக் முறையால் இரண்டாம் வகைப் பங்கீட்டைச் செய்ய முடியும். ஆனால் ரூட்டரின் வெளிவாசலில் எல்லாக் கணினிகளும் ஒரே முகவரியில்தான் தெரிகின்றன. உள்முகவரியைத் தேடிப் பார்க்கும்படி தனியாக ஒரு சொல்லை அமைப்பில் சேர்த்தால்தான் கேக்கால் ஆளைப் பிரித்தறிய முடியும். இந்த வசதி இருக்கிறது என்று மட்டும் எழுதிவிட்டு அந்தச் சொல்லை எழுதாத வழிகாட்டி, படிப்பவரை ஏமாற்றிவிடுகிறது.

ரூட்டரின் செயலி திணறுகிறதா என்று சோதனையின் நடுவிலேயே பார்க்க வேண்டும். வன்பொருள் முடுக்கம், அதாவது பொதிகளை மென்பொருளைச் சுற்றிக்கொண்டு நேரே சில்லு வழியாக அனுப்பும் வசதி, இயங்கிக்கொண்டிருந்தால் பொதிகள் நம் வரிசையைத் தொடாமலே போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி எழுதுவதைப் பற்றி. ஒவ்வொரு சோதனைக் குறிப்பிலும் ரூட்டரின் மாதிரி, மென்பொருளின் பதிப்பு, இணைப்பின் வகை, கேபிளா வைஃபையா, நாளும் நேரமும், இட்ட அமைப்புகள் எழுத்துப் பிசகாமல் அப்படியே, எல்லாம் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். ஒழுங்குசெய்யும் மென்பொருளை நிறுத்தி வைத்து எடுத்த அளவு பக்கத்தில் இல்லையென்றால், இயக்கி எடுத்த அளவுக்குப் பொருளே இல்லை. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டுமே மாற்ற வேண்டும்; மாற்றிப் பார்த்துப் பயன் இல்லாமல் போனதையும் எழுத வேண்டும், இல்லையென்றால் அடுத்து வருபவர் அதே வழியில் போய் ஒரு நாளை இழப்பார்.

வழிகாட்டியின் அந்தப் பழைய வாக்கியத்தையும் திருத்திவிட்டேன். "ஒழுங்குபடுத்தலை நிறுத்திவிட்டு, கேபிளில் இணைத்த கணினியிலிருந்து வேகத்தை அளக்கவும். கிடைத்த மெகாபிட் எண்ணை 1000-ஆல் பெருக்கி, அதில் நூற்றுக்கு 90 பங்கைக் கிலோபிட்டாக இடவும். 50 மெகாபிட் என்றால் 45000. இது தொடக்க எண் மட்டுமே. 0 இட்டால் அந்தத் திசையில் ஒழுங்குபடுத்தல் நடக்காது." அதன் கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: இந்த அமைப்பை இணையம் வரும் வாசலில் வைக்காமல் வீட்டுப் பக்க வாசலில் வைத்தால், பதிவிறக்கமும் பதிவேற்றமும் இடம் மாறிவிடும். பழைய வாக்கியத்தைவிட இது பல மடங்கு நீளம். சுருக்கச் சொன்னவர்கள் உண்டு, நான் மறுத்துவிட்டேன்.

இன்னும் எழுதி முடிக்காத பகுதி ஒன்று இருக்கிறது. கைபேசிக் கோபுரங்கள் வழியாக வரும் இணைப்பில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அங்கே நிலையான எண் எதை இட்டாலும் பொருந்தாது. தாமதத்தைத் தொடர்ந்து கவனித்து, எண்ணைத் தானே ஏற்றியிறக்கும் நிரல்கள் இதற்கென வந்திருக்கின்றன. அவற்றைக் காலை, மாலை, நள்ளிரவு என்று வெவ்வேறு நேரங்களில் ஓடவிட்டு அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே இடத்தில் எடுத்த அளவுகளை வைத்து அந்தப் பக்கத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. இத்தகைய இணைப்பைப் பயன்படுத்தும் நேயர்கள் எவரேனும் தம் வீட்டில் இப்படி அளந்து, நான் சொன்ன விவரங்களோடு எழுதி வைத்தால், அந்தப் பக்கத்தை எழுதுபவர் யாராக இருந்தாலும் அது அவருக்குப் பெரிதும் உதவும். நன்றி, வணக்கம்.