இன்னும் இருபது அடி

(பல்லடத்தில் வாசகர் வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் கைப்பேசியை மடியில் மறைத்து ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, வணக்கம்.

இந்த மேடையில் வழக்கமாகச் சிலம்பு பேசுவார்கள், குறள் பேசுவார்கள். தலைப்பு என்ன என்று செயலாளர் கேட்டபோது கால்பந்து என்றேன். கொஞ்ச நேரம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு, "அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது மாஸ்டர்?" என்றார். ஆயுள் முழுக்க பி.டி. மாஸ்டராக விசில் ஊதியவனிடம் கேட்கக்கூடாத கேள்வி. கேட்டுவிட்டார், நீங்கள் அனுபவிக்க வேண்டியதுதான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இரவு திருப்பூர் ரோட்டில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். நம் பக்கத்தில் டீக்கடையைப் பேக்கரி என்றுதானே சொல்கிறோம். வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் ரொட்டி வாங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமை பனியன் கம்பெனிகளில் சம்பள நாள். கையில் காசு இருக்கிறது, மறுநாள் லீவு, இங்கிலாந்தில் பகல் ஆட்டம் நமக்கு இரவு ஆட்டம். சுவரில் டிவி. அதற்கு நேர் கீழே சிவப்புச் சட்டை போட்ட இரண்டு பையன்கள். ஒருவன் கட்டிங் மாஸ்டர், இன்னொருவன் நூல் வண்டி ஓட்டுகிறவன். இரண்டு பேரும் மான்செஸ்டர் யுனைடெட் பக்தர்கள். அந்தச் சட்டை மான்செஸ்டரில் வாங்கியதா, நாலு தெரு தள்ளித் தைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

"மாப்பிள்ளை, இந்த மேனேஜரை இன்றைக்கே அனுப்ப வேண்டும்" என்றான் கட்டிங் மாஸ்டர்.

"போன ஆளையும் இப்படித்தான் சொன்னாய். அதற்கு முந்தின ஆளையும் இப்படித்தான் சொன்னாய். அனுப்பி அனுப்பி என்ன கண்டாய்?"

"வைத்து வைத்து நீ என்ன கண்டாய்?"

டீயில் ஆடை கட்டிவிட்டது. கல்லாவில் இருந்தவர், "ஏன் தம்பி, அந்த ஆள் உங்களுக்குச் சம்பள பாக்கி ஏதாவது தர வேண்டுமா?" என்று கேட்டார். பையன்கள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கள். வைத்துக்கொள்வதா, அனுப்புவதா?" என்றார்கள். அப்போதைக்குக் கையை விரித்துவிட்டு வந்துவிட்டேன். இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நமக்கு மேனேஜர் என்றால் பாங்க் மேனேஜர், மில் மேனேஜர். ஏசி அறைக்குள் கையெழுத்துப் போடுகிறவர். இங்கிலாந்துக் கால்பந்தில் மேனேஜர் என்றால் பயிற்சியாளர்தான். ஆனால் வெறும் பயிற்சியாளர் இல்லை. யார் ஆட வேண்டும், எப்படி ஆட வேண்டும், யாரை வாங்கலாம், யாரை விற்கலாம் என்பதெல்லாம் வெகுகாலம் அவர் கையில்தான் இருந்தது. இப்போது அதில் பாதியை வேறு அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார்கள். திட்டு மட்டும் முழுசாக இவருக்கே வருகிறது.

சரி, வைத்துக்கொள் என்கிறவன் உடனே எடுத்து நீட்டுகிற கதை எது? ஃபெர்குசன் கதை. 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு மேனேஜராக வந்தார். மூன்று ஆண்டுகள் ஒரு கோப்பையும் இல்லை. 1989 டிசம்பரில் சொந்த மைதானத்திலேயே ஒரு ரசிகர் துணியில் எழுதித் தூக்கிப் பிடித்தார்: மூன்று வருஷமாகச் சாக்குப்போக்குதான், இன்னும் அதே குப்பைதான், போய் வா ஃபெர்கி. அடுத்த மாதம் எஃப்.ஏ. கோப்பையில், அதாவது தோற்ற அணி வெளியேறுகிற போட்டியில், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டோடு ஆட்டம். தோற்றால் அவர் கதை முடிந்தது என்று ஊரே பேசியது. மார்க் ராபின்ஸ் என்ற இளைஞன் ஒரே ஒரு கோல் அடித்தான். அந்த ஆண்டு மே மாதம் கோப்பை கைக்கு வந்தது. 1993-இல் சீசன் முழுக்க நடக்கிற லீக் போட்டியில் பட்டம், 26 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு. 2013-இல் அவர் ஓய்வு பெற்றபோது 13 லீக் பட்டங்கள், மொத்தம் 38 கோப்பைகள். தோற்றிருந்தாலும் அவரை அனுப்பியிருக்க மாட்டோம் என்று அன்றைய தலைவர் பிற்பாடு சொன்னார். ஜெயித்த பிறகு சொல்வதில் என்ன கஷ்டம்?

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் மைத்துனரின் போர்வெல் நினைவுக்கு வரும்.

பொங்கலூர்ப் பக்கம் அவருக்குத் தோட்டம். நம் மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்துவந்து இடம் குறித்தாயிற்று. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. இந்தியா முழுக்கப் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பது அந்த ஊர் வண்டிகள்தானே. 800 அடி போனது, தண்ணீர் இல்லை. நிறுத்தலாமா என்று கேட்டார்கள். ஆழம் போகப் போக அடிக்கு ரேட் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "எங்கள் பங்காளி தோட்டத்தில் இப்படித்தான் 800 அடியில் நிறுத்தப் பார்த்தார்கள். இன்னும் இருபது அடி போ என்றேன். 820-இல் பீய்ச்சி அடித்தது." என் மைத்துனர் அதைக் கேட்டார். இருபது அடி, இன்னும் இருபது அடி என்று 1,100 வரை போனார். கடைசிவரை வெறும் புழுதி. தென்னை மரமெல்லாம் மாவு கொட்டினாற்போல வெள்ளையாக நின்றது.

இருபது அடிக்கதைகளில் இதுதான் வில்லங்கம். தண்ணீர் கண்டவன் ஊர் ஊராகச் சொல்வான். புழுதி கண்டவன் வாயைத் திறக்க மாட்டான். பொறுத்திருந்து பட்டம் கண்ட ஃபெர்குசன் ஒருவரைப் பற்றி நூறு பேர் பேசுவார்கள். பொறுத்திருந்து பொறுத்திருந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிப்போன கால்பந்துக் கழகங்களை யார் பேசுகிறார்கள்?

அனுப்பு என்கிறவர்களிடமும் கதை இருக்கிறது. லெஸ்டர் சிட்டி. 2016-இல் ராணியேரி என்ற இத்தாலிய மேனேஜர் அந்தச் சின்னக் கழகத்தை இங்கிலாந்துச் சாம்பியன் ஆக்கினார். சீசன் தொடங்கும்போது பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் கொடுத்திருந்தார்கள். யார் நம்புவார்கள்? ஒன்பதே மாதத்தில், 2017 பிப்ரவரியில், அவரை நீக்கிவிட்டார்கள். உலகமே காறித் துப்பியது, நானும்தான். நன்றி கெட்டவர்கள் என்றேன். ஆனால் அன்றைக்குக் கழகம் 17-ஆம் இடத்தில் இருந்தது. ஒரு படி சறுக்கினால் கீழ் டிவிஷன். அவர் போன பிறகு அடுத்தடுத்து ஐந்து லீக் ஆட்டங்களை ஜெயித்தார்கள். சீசன் முடிவில் 12-ஆம் இடம். நன்றி ஒரு கணக்கு, பிழைப்பு வேறு கணக்கு என்று அந்த முதலாளி நினைத்திருக்கலாம். எனக்கு இன்றுவரை அது ஜீரணமாகவில்லை. தவறு என்று வாதாடவும் முடியவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேனேஜரை மாற்றிய உடனே ஜெயிப்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது. நெதர்லாந்து லீக்கை வைத்துப் பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மேனேஜரை நீக்கிய அணிகள் தேறின, உண்மை. அதே அளவு சறுக்கியும் நீக்காமல் விட்ட அணிகளும் ஏறக்குறைய அதே அளவு தேறின. சளி பிடித்தவனுக்கு ஏழாம் நாள் யார் கஷாயம் கொடுத்தாரோ அவரே ராசியான வைத்தியர்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? மறுபடியும் ரிக் வண்டிக்கே வருகிறேன். மைத்துனர் தோட்டத்தில் நாங்கள் எல்லோரும் தண்ணீர் வருகிறதா என்று குழி வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆப்பரேட்டர் மட்டும் அதைப் பார்க்கவே இல்லை. காற்று மேலே தள்ளிக்கொண்டு வருகிற கல்பொடியை அவ்வப்போது கையில் வாங்கி, விரலால் தேய்த்து, நிறம் பார்த்து, ஈரம் பார்த்து, கீழே உதறிக்கொண்டிருந்தார். 900 அடியிலேயே, "பாறை மாறவில்லைங்க, போதும்" என்று சொன்னவர் அவர்தான். நாங்கள் பங்காளி கதையை நம்பினோம்.

ஸ்கோர் என்பது தண்ணீர். ரசிகன் பார்க்க வேண்டியது கல்பொடி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த பையன் அன்றைக்கு ஆடியதைவிட இன்றைக்கு நன்றாக ஆடுகிறானா? கார்னரில் கோல் வாங்கினார்களே, அதே தப்பு அதே இடத்தில் மறுபடியும் நடக்கிறதா? தோற்கிற ஆட்டத்திலாவது பந்து எதிரியின் கோல் பக்கம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா?

லண்டன் கழகமான ஆர்சனலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டேட்டா 2019 டிசம்பரில் மேனேஜராகப் பொறுப்பேற்றார். ஒரு எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது, ஆனால் லீக்கில் தொடர்ந்து இரண்டு முறை எட்டாம் இடம். 2021-இல் சீசன் தொடங்கி முதல் மூன்று ஆட்டமும் தோல்வி; ஒன்பது கோல் வாங்கி ஒன்றுகூட அடிக்கவில்லை. பட்டியலில் கடைசி. அனுப்பு என்று கூக்குரல். ஆனால் கல்பொடி என்ன சொன்னது? அந்தக் கோடையில் வாங்கிய ஆறு பேரில் ஒருவர்கூட 23 வயதைத் தாண்டாதவர்கள். இது இன்றைக்கு அறுக்கிற பயிர் இல்லை என்று அதிலேயே தெரிந்தது. 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் இரண்டாம் இடம். உடனே அடுத்த சண்டை: இரண்டாம் இடத்துக்கு மேல் இவரால் ஏற முடியுமா? இதற்கும் கல்பொடிதான் பார்க்க வேண்டும், அதைவிட நுணுக்கமாக.

இதே கழகத்தில் இவருக்கு முன்பு வெங்கர் 22 ஆண்டுகள் இருந்தார். 49 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் ஓடிய அணியை உருவாக்கியவர். 2017 மார்ச்சில் ஓர் ஆட்டத்தின்போது அவர் போக வேண்டும் என்று ஒரு கூட்டம் வாடகை விமானத்தில் பேனர் கட்டிப் பறக்கவிட்டது. அவர் இருக்க வேண்டும் என்று இன்னொரு கூட்டம் அதே ஆட்டத்துக்கு இன்னொரு விமானம் பிடித்தது. கீழே அணி 3–1 என்று தோற்றுக்கொண்டிருந்தது. நம் ஊர்த் தேர்தலில்கூட இவ்வளவு செலவு கொஞ்சம் அதிகம்தான்.

எனக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. ஒரு பள்ளியில் கால்பந்து அணிக்கு நான்தான் பயிற்சியாளர். மூன்று ஆண்டுகள் மாவட்டப் போட்டியில் அரையிறுதியோடு திரும்பினோம். பெற்றோர் சிலர் போய்ப் பேசினார்கள், நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு வயதாகிறது மாஸ்டர், கேரம், செஸ் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றது. அடுத்து வந்த இளைஞர் முதல் வருஷமே கோப்பையோடு வந்தார். அதெல்லாம் நான் வளர்த்த பையன்கள் என்று பத்து வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்று உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன். அவர் செய்தது ஒரே ஒரு மாற்றம். என்னிடம் கோல்கீப்பராக நின்ற நெட்டைப் பையனை முன்னால் அனுப்பினார். அவன் தலையால் முட்டி முட்டியே கோல் போட்டான். மூன்று ஆண்டுகள் அவன் என் கண்முன்னால்தான் நின்றான். நெட்டையாக இருக்கிறவன் கோல் போஸ்டுக்கு என்று என் மண்டையில் ஏறியிருந்தது. என்னை அனுப்பியது சரிதான். கேரம் என்று சொன்னதைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. ரசிகன் ஏன் எப்போதும் மேனேஜரையே பிடித்து உலுக்குகிறான்? முதலாளியை அவனால் ஒன்றும் செய்ய முடியாது, அதனால்தான். மான்செஸ்டர் யுனைடெட்டை 2005-இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்று கடன் வாங்கி வாங்கியது; அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே கட்டியது. ரசிகர்கள் பச்சையும் மஞ்சளுமாகத் துண்டு போட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். முதலாளி அசையவில்லை. ஃபெர்குசனுக்குப் பின் வந்த மோய்ஸ் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் பத்து மாதம் இருந்தார். வான் கால் 2016-இல் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்த இரண்டாம் நாள் வெளியே அனுப்பப்பட்டார். ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது, ரிக் வண்டி அதே குழியிலேயே நிற்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதி. பார்சலோனாவில் தலைவரையே உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற இடங்களில் ரசிகனுக்கு மிஞ்சுவது மேனேஜர் ஒருவர்தான், திட்டுவதற்கு.

போன சனிக்கிழமை அதே பேக்கரிக்குப் போனேன். பையன்கள் அதே மேஜையில் இருந்தார்கள். கல்பொடிக் கதையைச் சொன்னேன். நூல் வண்டிக்காரன் தலையாட்டினான், கட்டிங் மாஸ்டர் ஆட்டவில்லை. பிறகு ஒன்று கேட்டேன். "கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடி ஓர் அணி இந்தியாவின் ஐ-லீக் கால்பந்துப் போட்டியில் சாம்பியன் ஆனது தெரியுமா?" இருவரும் விழித்தார்கள்.

2019 மார்ச் 9. சென்னை சிட்டி எஃப்.சி. பெயர்தான் சென்னை, சொந்த மைதானம் கோவை. முந்தைய சீசனில் எட்டாம் இடம். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள். பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். கடைசி நாள் மினெர்வா பஞ்சாபை ஜெயித்தால் பட்டம். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே மினெர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் முந்திவிடக் கூடாது. இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார், கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல் அடித்தார். முடிவில் 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அந்த ஆண்டே சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. 2021 சீசனுக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை.

இதைச் சொல்லச் சொல்ல கட்டிங் மாஸ்டர் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தான். கோப்பையோடு நிற்கிற படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தான். "நம் நேரு ஸ்டேடியமா இது?" என்றான். ஆமாம் என்றேன். டிவியில் இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிவிட்டது; அவன் நிமிரவில்லை.

"அந்தச் சிங்கப்பூர்க்காரரை அப்புறம் வைத்துக்கொண்டார்களா மாஸ்டர், அனுப்பிவிட்டார்களா?"

"கழகமே இல்லை தம்பி" என்றேன்.

அவன் படத்தை நூல் வண்டிக்காரனிடம் காட்டினான். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, கோயம்புத்தூருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாதே" என்றான்.