தோளில் நட்சத்திரம் இல்லாத விமானி

(கிளிநொச்சியில் ஒரு வாசிகசாலையில் பேசியது. நேரம் போதாமல் விட்ட ஒன்றிரண்டையும் சேர்த்திருக்கிறேன்.)

அம்மாமார், ஐயாமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

வன்னியில் என் வயதுக்காரர் பலருக்கு இரைச்சலைக் கேட்டே என்ன விமானம் என்று தெரியும். ஒருநாள் பங்கருக்குள், தென்னங்குற்றிகளுக்குக் கீழே குந்தியிருந்தபடி என் தங்கச்சி கேட்டாள்: "அண்ணா, மேல இருக்கிறவருக்கு எங்களைத் தெரியுமா?" அந்த மேலே இருக்கிறவர் யார், யார் சொல்லி வருகிறார் என்று நான் தேடி வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

போன மாதம் ஒரு உயர்தர மாணவி கேட்டாள், "சேர், போர்விமானம் ஓட்டுகிறவர் கட்டாயம் அதிகாரியாக இருக்க வேணுமா?" ஓட்டுவதற்கென்றால் தேவையே இல்லை.

இரண்டாம் உலகப் போரில், 1940இல் ஜெர்மன் விமானங்களோடு நடந்த பிரித்தானிய வான்சமரில் பறந்தவர்களில் கணிசமானவர்கள் சார்ஜன்ட்மார், அதாவது அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட பதவிக்காரர். ஜோசப் ஃபிரான்டிசெக் என்று ஒரு செக் நாட்டுக்காரர், 303ஆம் இலக்கப் போலந்துப் படையணியில் சார்ஜன்ட், அந்தச் செப்டெம்பர் ஒரு மாதத்துக்குள் 17 விமானங்களை வீழ்த்தியவர், ஒக்டோபர் 8ஆம் திகதி தன் விமானம் விழுந்து இறந்துபோனார். அதே உலகப் போரில் பிரித்தானியரின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் போவார்கள், பதவி என்னவானாலும் விமானிதான் தலைவர். ஆகவே விமானி சார்ஜன்டாகவும் வழி கணிப்பவர் அதிகாரியாகவும் இருந்தால், ஆகாயத்தில் அதிகாரிதான் சார்ஜன்டின் சொல் கேட்க வேண்டும். இரவு முழுக்க ஒன்றாகச் சாவைப் பார்த்துவிட்டு விடியப்புறம் இறங்குகிற அந்த ஏழு பேரும் சாப்பிடப் போவது அதிகாரிகளுக்கு ஒன்று, சார்ஜன்ட்மாருக்கு ஒன்று என்று இரண்டு வெவ்வேறு மண்டபங்களுக்கு! எனக்கு இதை வாசித்தபோது மனம் பொறுக்கவில்லை.

அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகொப்டர்களைப் பெரும்பாலும் ஓட்டுவது வாரண்ட் ஆபீசர்கள், சார்ஜன்டுக்கு மேலே, வழமையான அதிகாரிகளுக்குக் கீழே உள்ளவர்கள், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலே அந்தப் பயிற்சிக்குப் போகலாம். பிரித்தானியத் தரைப்படையில் இன்றும் சார்ஜன்ட்மார் ஓட்டுகிறார்கள். ஆனால் அமெரிக்க வான்படையில் விமானி என்றால் அதிகாரி, அதற்குப் பட்டம் வேண்டும். அந்த வான்படைகூட 2017இல் குளோபல் ஹோக் என்ற ஆளில்லா உளவு விமானத்துக்கு அதிகாரியல்லாத படையினரைப் பயிற்றி எடுத்தது.

அப்படியென்றால் அதிகாரிப் பதவி எதற்கு? ஒரு காரணம் எனக்கும் சரியாகவே படுகிறது. பகைவரின் நிலத்துக்கு மேலே பறப்பவர் பிடிபடக்கூடியவர். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி பிடிபட்ட அதிகாரியை வேலை செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது, சார்ஜன்ட்மாரிடம் மேற்பார்வை வேலை மட்டும் கேட்கலாம், சாதாரணப் படைவீரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் அதற்குச் சார்ஜன்ட் பதவியே போதுமே. 1940இல் பிரித்தானிய வான்படை செய்ததும் அதுதான், பறக்கிற எவரும் சார்ஜன்டுக்குக் கீழே இருக்கக்கூடாது என்று வைத்தது.

மற்றக் காரணம் பொறுப்பு. குண்டைப் போடுவதா விடுவதா என்று முடிவெடுப்பவர் சட்டம் படித்தவராக, மேலிடத்திடம் "மாட்டேன்" என்று சொல்லக்கூடிய நிலையில் இருப்பவராக இருக்க வேண்டும் என்கிறார்கள். பங்கருக்குள் இருந்தவன் என்ற முறையில் இந்த வாதத்தை நான் தட்டிவிடப் போவதில்லை. முதலாம் உலகப் போரில் ஜெர்மன்காரர் இதையே இரண்டு ஆசனமாகப் பிரித்தார்கள். ஓட்டுகிறவர் பலவேளை சாதாரண ஆள், அவருக்குப் பட்டப்பெயர் எமில். கூட இருந்து பார்த்து முடிவெடுக்கிற அதிகாரிக்குப் பெயர் ஃபிரான்ஸ். இன்றைக்கு ஒற்றை ஆசன விமானத்தில் எமிலும் ஃபிரான்சும் ஒரே ஆள்தான்.

ஆனால் வெளிப்படையாகவே சட்டவிரோதமான கட்டளையை மறுக்கும் கடமை அதிகாரிக்கு மட்டும் உரியதல்ல, அது கடைசிப் படைவீரர்வரை எல்லாருக்கும் உண்டு. அதனால் அந்த மாணவிக்கு நான் சொன்னேன்: கண், காது, கை, நிதானம் பார்த்து ஆளை எடுக்கட்டும், பட்டம் கேட்க வேண்டாம். அப்புறம், கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவும் மறுக்கவும் சொல்லிக் கொடுப்பதை, இயந்திரத்தில் கைவைக்க முதலே சொல்லிக் கொடுக்கட்டும், சார்ஜன்டுக்கும் அதேபோல.