ஒளியைக் கடத்தும் புரதம்: அந்த 660 ஃபெம்டோ விநாடிக் கதை

வணக்கம் நண்பர்களே. ஒளிச்சேர்க்கை பற்றிய வீடியோக்களில் அடிக்கடி ஒரு வரி வருகிறது: பிடிபட்ட ஒளியின் ஆற்றல் எல்லாப் பாதைகளிலும் ஒரே நேரத்தில் போய்ப் பார்த்து, நல்ல பாதையைத் தேர்ந்தெடுக்கிறது, அது குவாண்டம் வேலை என்று. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்தத் துறையில் இருப்பவர்களே இப்போது அதை ஏற்பதில்லை.

கதை தொடங்குவது பச்சைக் கந்தக பாக்டீரியாவில். கருங்கடலில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில், வெளிச்சம் என்று சொல்லவே முடியாத இடத்தில்கூட இது வாழ்கிறது. வந்து விழுகிற ஒளித்துகளை வீணடிக்க அதற்கு வழியே இல்லை. ஒளியைப் பிடிக்கும் குளோரோசோமுக்கும், அதை வேதி ஆற்றலாக்கும் வினை மையத்துக்கும் நடுவே எஃப்எம்ஓ என்ற புரதம் இருக்கிறது. ஃபென்னா, மாத்யூஸ், ஓல்சன் என்ற மூவரின் பெயர் அது. பச்சையம் தாங்கும் புரதங்களில் எக்ஸ்ரே மூலம் அமைப்பு தெரிந்த முதல் புரதம் இதுதான், 1975-ல்.

2007-ல் பெர்க்லியில் கிரஹாம் ஃப்ளெமிங்கின் குழு இதன்மேல் மிகக் குறுகிய லேசர் துடிப்புகளை அடுத்தடுத்துச் செலுத்தியது. துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மாற்றிக்கொண்டே போனால், ஆற்றல் எந்த மூலக்கூறிலிருந்து எதற்குப் போகிறது என்று ஒரு வரைபடமே கிடைக்கும். அதில் சமிக்ஞை ஏறி இறங்கி அலைபாய்ந்தது, 660 ஃபெம்டோ விநாடி வரை. ஒரு விநாடியைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மறுபடி பத்துக் கோடியாகப் பிரித்தால் வருவதுதான் ஒரு ஃபெம்டோ விநாடி. ஆற்றல் பல பாதைகளில் ஒரே நேரத்தில் அலையாகப் போவதன் அடையாளம் என்று இதை எடுத்துக்கொண்டார்கள். பரபரப்பு கிளம்பியது இதனால்தான். ஆனால் சோதனை நடந்தது, உயிர்கள் வாழும் வெப்பநிலையில் அல்ல, மைனஸ் 196 டிகிரி செல்சியஸில்!

2017-ல் ஹாம்பர்க்கில் ட்வைன் மில்லர், மைக்கேல் தோர்வார்ட் ஆகியோர் அறை வெப்பநிலையிலேயே அளந்தார்கள். எலக்ட்ரான்களின் குவாண்டம் ஒத்திசைவு, அதாவது ஆற்றல் பல மூலக்கூறுகளில் ஒரே அலையாகப் பரவி நிற்கும் நிலை, சுமார் 60 ஃபெம்டோ விநாடியில் முடிந்துவிடுகிறது. ஆற்றல் இந்தப் புரதத்தைக் கடக்கவோ பிக்கோ விநாடிகள் ஆகும் (ஒரு பிக்கோ விநாடி என்பது ஆயிரம் ஃபெம்டோ விநாடி). அப்படியானால் நீண்ட நேரம் தெரிந்த அந்த அலை? பெரும்பாலும் மூலக்கூறுகளின் சொந்த அதிர்வுதான்.

சரி, அப்புறம் எப்படி இவ்வளவு திறமையாக ஆற்றல் போகிறது? எனக்கு இதுதான் பெரிய அதிசயம். உள்ளே இருக்கும் பச்சைய மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வகை. முதலில் ஏழு என்று எண்ணினார்கள், எட்டாவது ஒன்று பிறகு தெரிந்தது. ஆனால் புரதம் ஒவ்வொன்றையும் வேறு வேறு சூழலில் பிடித்து வைத்திருப்பதால், ஒவ்வொன்றின் ஆற்றல் மட்டமும் கொஞ்சம் மாறுகிறது. மேட்டு வயலிலிருந்து பள்ள வயலுக்குத் தண்ணீர் இறங்குகிற மாதிரி ஆற்றல் வினை மையத்தை நோக்கி இறங்குகிறது. இறங்கும்போது மிஞ்சுகிற கொஞ்சத்தைப் புரதத்தின் அதிர்வு வெப்பமாக வாங்கிக்கொள்வதால், அது எளிதில் திரும்ப ஏறாது. இடைஞ்சல் என்று நினைத்த வெப்ப அசைவுதான் ஆற்றலை முன்னே தள்ளுகிறது.

2007-ல் செய்த அளவீட்டில் பிழை இல்லை, அதற்குக் கொடுத்த விளக்கம்தான் மாறியது. அந்த லேசர் முறையைத்தான் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்த வீடியோவில் ஊதா பாக்டீரியாவில் ஒளியைப் பிடிக்கும் எல்எச்2 என்ற புரதத்தின் வளையங்கள். ஒரு வளையத்தில் 9 மூலக்கூறு, அடுத்ததில் 18, நடுவே ஆற்றல் தாவ ஏறக்குறைய ஒரே ஒரு பிக்கோ விநாடி. பார்க்கலாம்.