ஆப்ல படிச்ச பிரெஞ்சு கடையில ஏன் கைகொடுக்கல? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. பாரிஸ்ல இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. “ஆப்ல ஐந்நூறு வார்த்தைக்கு மேல படிச்சிட்டேன். ரொட்டிக் கடையில ஒரு வரி கேட்டா வாயடைச்சுப் போயிடுது. தினசரி வாழ்க்கையிலிருந்தே வார்த்தை கத்துக்கணும்னா எப்படி ஆரம்பிக்கிறது?”

நீங்க படிச்சது எல்லாம் நீங்க பேச வேண்டிய வார்த்தை. கடைக்காரங்க உங்களைக் கேக்குற வார்த்தையை ஆப் சொல்லித் தரலை. அதனால ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கங்க. அங்க உங்க காதுல விழுற கேள்வியை முதல்ல எழுதுங்க, உங்க பதிலை அப்புறம் எழுதுங்க.

ரொட்டிக் கடையையே, அதாவது பூலான்ஜெரியையே பாப்போம். உள்ள நுழைஞ்சதும் “போன்ஜூர்”, அதாவது வணக்கம். இதைச் சொல்லாம நேரா ரொட்டி கேட்டீங்கன்னா மரியாதை இல்லாத ஆள்னு நினைக்கிறது கடைக்காரங்க முகத்துலயே தெரிஞ்சிடும். அப்புறம் “யூன் த்ரடிஸியோன், ஸில் வூ ப்ளே”. பாரம்பரிய முறையில செஞ்ச நீள ரொட்டி ஒண்ணு குடுங்கன்னு அர்த்தம். சாதா நீள ரொட்டியான பாகெத்தை விட இது கொஞ்சம் விலை கூட. 1993ல வந்த அரசாணைப்படி இந்த ரொட்டி மாவை உறைய வைக்கக் கூடாது, ரசாயனச் சேர்க்கை எதுவும் போடக் கூடாது. மேல் தோல் ரொம்பக் கருகாம வேணும்னா “பா த்ரோ க்வீத்”, நல்லா முறுவலா வேணும்னா “பியான் க்வீத்”.

ரொட்டியைக் கையில எடுத்துக்கிட்டே அவங்க “அவெக் ஸெஸி?”ம்பாங்க. தனித்தனியாப் பாத்தா ‘இதோட கூட’, அவ்வளவுதான். “வேற என்ன வேணும்?”னு அர்த்தம். இங்கதான் முக்கால்வாசிப் பேர் மாட்டுறாங்க. புரியாம “வீ”, அதாவது ஆமான்னு தலையாட்டினா, அடுத்து என்ன கேக்கப் போறீங்கன்னு அவங்க உங்களையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. பின்னாடி வரிசை வேற. வேற எதுவும் வேண்டாம்னா “ஸெ ஸெரா தூ, மெர்ஸி”ன்னு சொல்லுங்க, ‘அவ்வளவுதான், நன்றி’. ஆனா அவங்களே “ஸெ ஸெரா தூ?”ன்னு, ‘அவ்வளவுதானா’ன்னு கேட்டா, அப்போ “வீ” சரி. கடைசியா “லெ திகே?”ம்பாங்க. ரசீது வேணுமான்னு. 2023 ஆகஸ்ட்லேருந்து கேட்டாத்தான் அச்சடிச்சுத் தருவாங்க. இந்த நாலஞ்சு வரி காதுல பழகிட்டா ரொட்டிக் கடை முடிஞ்சுது. அடுத்த வாரம் சந்தை.

எழுதும்போது ஒரு விஷயம். பெயர்ச்சொல்லை மொட்டையா எழுதாதீங்க, முன்னாடி ‘அன்’னா ‘யூன்’னான்னு சேர்த்தே எழுதுங்க. ரெண்டுமே ‘ஒரு’தான்; ‘அன்’ ஆண்பால் சொல்லுக்கு, ‘யூன்’ பெண்பால் சொல்லுக்கு. ‘அன் லீவ்ர்’னா புத்தகம். ‘யூன் லீவ்ர்’னா அரைக் கிலோ. சந்தையில தக்காளி ‘யூன் லீவ்ர்’னு கேட்டா 500 கிராம் போடுவாங்க.

தமிழ் எழுத்துல உச்சரிப்பு குறிச்சு வைக்கிறவங்க கவனிங்க. ‘யூன்’னு நான் சொல்றதே சரியான சத்தம் இல்ல. நாக்கை ‘ஈ’ சொல்ற இடத்துலயே வச்சுக்கிட்டு உதட்டை மட்டும் ‘ஊ’ மாதிரி குவிக்கணும். இது வரலைன்னா ‘தெஸ்யூ’, ‘தெஸூ’ ரெண்டும் ஒண்ணாயிடும். முதல்ல சொன்னது மேலே, ரெண்டாவது கீழே. கூரையில தண்ணி ஒழுகுதுன்னு குழாய் ஆளைக் கூப்பிட்டு மாத்திச் சொன்னீங்கன்னா, அவர் கீழ் வீட்டுக் கதவைத் தட்டுவார்! அதே மாதிரி ரெண்டுங்கிற ‘தெ’யை ‘தூ’ன்னு சொல்லிட்டா ரெண்டு மணிக்கும் பன்னெண்டு மணிக்கும் வித்தியாசம் தெரியாது. டாக்டர்கிட்ட நேரம் வாங்கும்போது “கதோர்ஸெர்”, 14 மணின்னு திருப்பிக் கேட்டு உறுதி பண்ணிக்கங்க.

போன் நம்பர் இன்னொரு தலைவலி. பத்து இலக்கத்தை ரெண்டு ரெண்டாச் சொல்லுவாங்க. எழுபத்தஞ்சுக்கு அவங்க சொல்றது ‘அறுபது-பதினஞ்சு’. ‘ஸ்வாஸான்த்’, அதாவது அறுபதுன்னு கேட்ட உடனே 6 எழுதினீங்கன்னா போச்சு, அது 7 ஆயிருக்கலாம். ஜோடி முழுசும் கேட்ட அப்புறம் பேனாவை வைங்க. பெல்ஜியத்துலயும் சுவிஸ்லயும் எழுபதுக்கு ‘ஸெப்தான்த்’, தொண்ணூறுக்கு ‘நொனான்த்’னு நேராச் சொல்லிடுவாங்க. புண்ணியவான்கள்.

வீட்டுக்குள்ள சமையலறைதான் நல்ல பாடப் புத்தகம், காசும் வேண்டாம். பால் மூடி சிவப்புன்னா ‘ஆன்தியே’, முழுக் கொழுப்பு. நீலம் ‘தெமி எக்ரெமே’, பாதி எடுத்தது. பச்சை ‘எக்ரெமே’, கொழுப்பு நீக்கினது. தயிர் உறை ஊத்த சிவப்பு வாங்குங்க. ‘லெவூர் ஷிமிக்’ பேக்கிங் பவுடர், ‘லெவூர் பூலான்ஜேர்’ ஈஸ்ட். நானுக்கு ஈஸ்ட்னு நினைச்சு முதலாவதை வாங்கிட்டு, மாவு ஏன் உப்பலைன்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. தேதியில ‘அ கோன்ஸொமே ஜூஸ்கோ’ன்னு இருந்தா அந்த நாளோட சரி, இறைச்சி மீன்ல இதை மீறக் கூடாது. ‘த ப்ரெஃபெரான்ஸ் அவான்’னு இருந்தா தேதி தாண்டினா ருசி குறையலாம், அவ்வளவுதான். பருப்பு, பாஸ்தா பாக்கெட்ல இதுதான் இருக்கும். சோப்புல ‘வெதிவேர்’னு பாத்தீங்கன்னா மனப்பாடம் பண்ண வேண்டாம், அது நம்ம வெட்டிவேர்தான்.

ஆங்கிலம் தெரிஞ்சவங்களுக்கு வாடகை விஷயத்துல ஆபத்து அதிகம். ‘லொகாஸியோன்’னா இடம் இல்ல, வாடகை. ‘தெ பியெஸ்’னா ரெண்டு படுக்கையறை இல்ல; ஒரு ஹால், ஒரு படுக்கையறை. சமையலறை, குளியலறை கணக்குல வராது. ‘கோஸியோன்’ங்கிறதுக்கு ரெண்டு அர்த்தம்: முன்பணம், இல்லைன்னா வாடகை கட்டாட்டி பொறுப்பேத்துக்கிற ஜாமீன்தாரர். பணமா, ஆளான்னு கேட்டுக்கங்க. பணம்னா, சட்டப்படி சாமான் இல்லாத வீட்டுக்கு ஒரு மாச வாடகை, சாமானோட உள்ள வீட்டுக்கு ரெண்டு மாசம்தான் உச்சம். பராமரிப்புச் செலவை அதுல சேர்க்கக் கூடாது. ‘ஷார்ஜ் கோம்ப்ரீஸ்’னு விளம்பரத்துல இருந்தா அந்தச் செலவும் சேர்ந்த தொகை, அதை வச்சு முன்பணம் கணக்குப் போட்டா கூடக் குடுத்துடுவீங்க.