முதலில் காற்று: சென்னைக் கரை மேல் ஒரு சின்ன விமானப் பயணம்

நேயர்களுக்கு வணக்கம்.

நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானத்தில் ஏறி, கோவளத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையோரமாகப் பறந்து, நடுவில் துறைமுகத்தையும் நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்கு எப்படித் திட்டமிடுவது என்பதுதான் இன்றைய பேச்சு. பறக்கக் கற்றுக்கொடுப்பதே தொழிலாக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடாத விஷயம் இது. கேட்டுக்கொண்டிருக்கும் பலருக்கு இப்படி ஒரு விமானத்தில் ஏறும் வாய்ப்பு வராமலே போகலாம். பரவாயில்லை. மெரினாவில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தவர்களுக்கு, மே மாத மத்தியானத்தில் 'இன்னும் கடல்காற்று வரவில்லையே' என்று புலம்பியவர்களுக்கு, இதற்குத் தேவையான அறிவில் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

ஏனென்றால் முதலில் பார்க்க வேண்டியது காற்று. வரைபடம் அப்புறம், பெட்ரோல் கணக்கு அப்புறம், யார் எந்த ஜன்னலோரம் என்பதெல்லாம் அதற்கும் அப்புறம்.

விமானம் காற்றை எதிர்த்து ஏறும், காற்றை எதிர்த்தே இறங்கும். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கடல்காற்று வீசும்போது விமானங்கள் மேற்கேயிருந்து வந்து இறங்கும். ஏறுகிறவை கடலைப் பார்த்து ஏறும். மேல்காற்று, அதாவது மேற்கேயிருந்து வீசும் காற்று என்றால் எல்லாம் தலைகீழ். கடல் பக்கமிருந்து, ஊருக்கு மேலாக வந்து இறங்கும். அந்தப் பாதைக்குக் கீழே உள்ள வீடுகளில் மொட்டைமாடிக்குப் போனாலே அன்றைய காற்றைச் சொல்லிவிடலாம். சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழ்வாக விமானம் உள்ளே வந்தால் மேல்காற்று. மூக்கைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனால் கடல்காற்று. இன்னொன்றும் உண்டு. மெரினாவிலிருந்து பார்த்தால் தூரத்தில் நங்கூரம் போட்டுத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும். அவை அநேகமாக ஒரே திசையைப் பார்த்துத்தான் நிற்கும். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து அவற்றை அப்படித் திருப்பி வைக்கின்றன. அடுத்த முறை போகும்போது கவனித்துப் பாருங்கள்.

சரி, இது நம் பயணத்துக்கு ஏன் முக்கியம்? கரையோரமாக வடக்கே போகிற சின்ன விமானம் பெரிய விமானங்களின் அந்தப் பாதையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். மேல்காற்று நாளில் இறங்க வரும் விமானம் கடற்கரையைத் தாண்டும்போது சுமார் 1500 அடி உயரத்தில் இருக்கும். அதன் இறக்கை நுனிகளிலிருந்து சுழல்காற்று பின்னால் கீழிறங்கிக்கொண்டே வரும். சின்ன விமானத்தைப் புரட்டிப்போடும் வலு அந்தச் சுழலுக்கு உண்டு. ஆகவே திருவான்மியூருக்குத் தெற்கிலேயே சுற்றிக்கொண்டு நிற்கச் சொல்லி டவரிலிருந்து உத்தரவு வரலாம். அந்தக் காத்திருப்புக்கான நேரமும் பெட்ரோலும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கணக்கில் இருக்க வேண்டும். வானத்தில் போய்க் கணக்குப் போட ஆரம்பித்தால் கீழே இருக்கும் அழகு எதுவும் கண்ணில் படாது.

அடுத்தது எந்த நேரம். காலை ஏழு ஏழரைக்குக் கரை மேல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. சாயங்காலத்துக்கு வாதாடுகிற நண்பர்கள் உண்டு. ஆனால் நம் கடற்கரை கிழக்கைப் பார்த்தது. சாயங்காலம் கடலுக்கு மேலிருந்து ஊரைத் திரும்பிப் பார்த்தால், சூரியன் ஊருக்குப் பின்னால் நிற்கும். கட்டடங்கள் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம், கலங்கரை விளக்கம், உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடம் எல்லாம் வெளிச்சத்தில் நிற்கும். தரை சூடேறுவதற்கு முன்னால் காற்றும் அடங்கிக் கிடக்கும், விமானம் குலுங்காது. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் முதல் முறை வருகிறவர்களுக்கு வயிற்றைப் புரட்டும்.

எந்த மாதம் என்று கேட்பீர்கள். மார்கழி, தை மாதங்களில் காலைப் பனிமூட்டம் கலைய எட்டு மணிகூட ஆகும். போகி அன்றைக்கு நினைக்கவே வேண்டாம். பழைய பாயும் டயரும் எரிந்த புகையில் பெரிய விமானங்களே தாமதப்பட்ட வருஷங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மழைக்கு நடுவில் ஒரு நாள் வெளுக்கும் பாருங்கள், அதுபோலத் தெளிவான வானம் கிடையாது. மழை தூசியை எல்லாம் கழுவிவிட்டிருக்கும். ஆனால் அந்த நாளை முன்கூட்டியே குறிக்க முடியாது. நான் மாசிக் கடைசியிலிருந்து பங்குனி வரை என்பேன்.

இப்போது வேகம். இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. செஸ்னா 172 என்ற விமானத்தை வைத்துக்கொள்வோம். உலகமெங்கும் பறக்கப் பழகுகிறவர்கள் ஓட்டுவது. இறக்கை கூரைக்கு மேல் இருப்பதால் கீழே பார்ப்பதை மறைக்காது. அதை நிதானமாக 90 'நாட்' (knot) வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 165 கிலோமீட்டரில் ஓட்டினாலும், கோவளத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள ஏறக்குறைய 50 கிலோமீட்டர் 18 நிமிஷத்தில் முடிந்துவிடும். கலங்கரை விளக்கத்திலிருந்து கூவம் முகத்துவாரம் வரை ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் மெரினா. 'எங்கே, எங்கே?' என்று கேட்பதற்குள் நேப்பியர் பாலம் பின்னால் போயிருக்கும். அதனால் என்னோடு வருகிறவர்களிடம் நான் முன்னாலேயே கேட்டுவிடுவேன்: எதைப் பார்க்க ஆசை? ஒன்று சொல்லுங்கள், இரண்டு சொல்லுங்கள், பத்து வேண்டாம். அந்த ஒன்றிரண்டுக்கு மட்டும் நிதானமாக ஒரு சுற்று வைத்துக்கொள்வோம்.

கரை எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? இடப்பக்கம். வடக்கே போகும்போது விமானம் கடலுக்கு மேல் இருக்கும், திரும்பி வரும்போது தரைக்கு மேல். எதிரே அதே கரையைப் பிடித்து வருகிற இன்னொருவரும் இதே வழக்கத்தில் வந்தால் இரண்டு பேரும் விலகிப் போய்விடலாம். விமானி உட்காருவது இடது இருக்கை. போகும்போது வலப்பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கடலும் கப்பலும், வரும்போது ஊர்.

உயரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெரிசலான ஊருக்கு மேல், சுற்றிலும் 600 மீட்டருக்குள் உள்ள மிக உயரமான கட்டடத்தைவிட 1000 அடியாவது மேலே இருக்க வேண்டும் என்பது விதி. கடலுக்கு மேல் கணக்கு வேறு. எஞ்சின் ஒன்றுதான். அது நின்றுபோனால் 1000 அடியிலிருந்து இந்த விமானம் இரண்டரை கிலோமீட்டர் போலச் சறுக்கி வரும். கையில் இருப்பது ஒன்றரை நிமிஷம். எதிர்க்காற்று இருந்தால் அந்தத் தூரமும் குறையும். பார்த்தீர்களா, மறுபடியும் காற்று. ஆகவே கரையை விட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நான் விலகுவதில்லை.

எடைக்கு வருவோம். நாலு இருக்கை இருப்பதால் நாலு பேரையும் ஏற்றி டாங்க்கையும் நிரப்பிவிட முடியாது, பாரம் கூடிவிடும். மணிக்குச் சுமார் 35 லிட்டர் பெட்ரோல் செலவாகும். போய்வரும் நேரம், காத்திருக்கும் நேரம், அதற்கு மேல் அரை மணி நேர இருப்பு. இதைக் கூட்டிய பிறகு எத்தனை பேர் என்று முடிவு செய்யுங்கள்.

அனுமதிகள். சென்னை வானம் காலியான வானம் இல்லை. தாம்பரத்தில் விமானப் படைத் தளம், அரக்கோணத்தில் கடற்படைத் தளம். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தையும், வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவையும் நெருங்கக் கூடாது. அதனால்தான் நம் பயணம் கோவளத்தில் தொடங்கி எண்ணூரில் திரும்புகிறது. ஃபிளைட் பிளான் கொடுக்க வேண்டும், வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும், அன்றைக்கு எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று விமானிகளுக்குச் சொல்லும் 'நோட்டாம்' (NOTAM) அறிவிப்புகளைப் படிக்க வேண்டும். மேலிருந்து படம் எடுக்கத் தனி அனுமதி. துறைமுகத்தில் கடற்படையும் கடலோரக் காவல் படையும் இருக்கின்றன. செல்போனைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள் என்பேன்.

இனி துறைமுகம். நான் இன்று வந்ததே இதைச் சொல்லத்தான்.

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. இருநூறு வருஷத்துக்கு மேல் கப்பல்கள் தூரத்தில் கடலிலேயே நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். 1870-களில்தான் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டி அணைப்பது போல அலைதடுப்புச் சுவர்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 நவம்பரில் ஒரு புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்திருந்த வாயில் சரிப்பட்டு வரவில்லை. 1904-க்குப் பிறகு பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளரின் காலத்தில் அதை மூடிவிட்டு வடகிழக்கே வாயில் வைத்தார்கள்.

ஏன் அவ்வளவு பாடு? மணல். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் அலை நம் கரையைச் சாய்வாகத் தெற்கிலிருந்து அடிக்கிறது. ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் வடக்கே தள்ளுகிறது. வாடைக்காற்று மாதங்களில் தெற்கே தள்ளும், ஆனால் அந்த மாதங்கள் குறைவு. வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கேதான் போகிறது. அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு சுவர் வந்தால் என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. நாம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு உட்காரும் அந்த அகலமான மெரினா மணலில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தபோது கடல் சாலைக்கு எவ்வளவோ பக்கத்தில் இருந்தது. சரி, சுவருக்கு வடக்கே? அங்கே வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையைக் கடல் தின்றது. இன்று அங்கே பல இடங்களில் மணல் இல்லை, கொட்டிவைத்த கருங்கல்தான்.

ஒரு பங்குனிக் காலையில் காசிமேட்டு மீனவப் பெரியவர் ஒருவரைப் பின்னால், இடப்பக்க ஜன்னலோரம் உட்காரவைத்துக்கொண்டு போனேன். ஆயுள் முழுக்கக் கடலில் போனவர், விமானத்தில் அதுதான் முதல் தடவை. பயப்படுவார் என்று நினைத்திருந்தேன். ஏறியதும் கண்ணாடியில் நெற்றியை வைத்தவர் எடுக்கவே இல்லை. கூவம் முகத்துவாரத்தில் கறுத்த தண்ணீர் கடலில் கலந்து வடக்கே வளைந்து போவது தெரிந்தது. "தண்ணி வடக்கால இழுக்குது பாருங்க தம்பி" என்றார். நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் வலை இழுத்துத் தெரிந்துகொண்டிருந்தார். துறைமுகச் சுவரைத் தாண்டினோம். காசிமேட்டுப் படகுகள் நெருக்கமாகத் தெரிந்தன, அவர் அதைப் பார்க்கவில்லை. இன்னும் வடக்கே, கல் கொட்டிய கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விரலை நீட்டி, கல்லுக்கு வெளியே, தண்ணீரில் ஓர் இடத்தைக் காட்டினார். "எங்க பாட்டி வீடு அங்கதான் இருந்துச்சு." இன்னொரு தடவை சுற்ற முடியுமா என்று கேட்டார். டவரில் அனுமதி கேட்டுச் சுற்றினேன். தெற்கே அகன்ற மணல், நடுவில் துறைமுகம், வடக்கே கறுத்த கல் வரிசை. ஊருக்குள் எத்தனை வருஷம் இருந்தாலும் இந்த மூன்றும் சேர்ந்து ஒரே பார்வையில் கிடைக்காது. 1000 அடியில் கிடைக்கிறது. "மெரினாவுல எங்க மண்ணும் கெடக்குது" என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து துறைமுகத்தைத் தெற்கிலிருந்து வடக்கே போகும்போதுதான் காட்டுவது என்று வைத்துக்கொண்டேன். முதலில் மணல், பிறகு சுவர், பிறகு கல். எதிர்த்திசையில் வந்தால் காரணத்துக்கு முன்னால் விளைவு வந்துவிடும், பார்க்கிறவருக்குப் புரியாது. பொறியாளர்கள் மணலை எடுத்து வடக்கே போடுவது பற்றியும், கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர்கள் பற்றியும் நிறையப் பேசலாம்...

இல்லை, நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். எண்ணூருக்குத்தான் அதிக நேரம் வைத்திருந்தேன். கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம், 2001-இல் திறந்த துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி, இவற்றையெல்லாம் ஒரு வாக்கியத்தில் தாண்ட வேண்டியிருக்கிறது. ஒன்றே ஒன்று: அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் மிக உயரம், தள்ளியே இருங்கள். ஆனால் அந்தப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். திரும்பும் வழியில் காற்று முன்னாலா பின்னாலா என்பதை அது சொல்லிவிடும்.

கூட வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெறும் வயிற்றோடு வராதீர்கள், இரண்டு இட்லி போதும். தலை சுற்றினால் கீழே பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டைத் தரையிலேயே மாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் விமானத்துக்குள் இருக்கும்போது ஊதாதீர்கள். ஊதினால் கதவு வழியாக வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். தண்ணீரில் இறங்க நேர்ந்தால், வெளியே வந்த பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும். நன்றி, வணக்கம்.