"பழகிக்குங்க" என்று டாக்டர் சொன்னால் போதுமா?

வணக்கம் மக்களே. செல்லூரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் தடதடவென்று கேட்பது விசைத்தறி. 18 வருடம் நான் ஓட்டிய தறி. ராத்திரி அது நின்றதும் என் காதுக்குள் இன்னொரு சத்தம் மேலே வரும். சில்வண்டு மாதிரி, ஙொய்யென்று, விடாமல். காது இரைச்சல் என்பார்கள்.

முதலில் பார்த்த டாக்டர் காதுக்குள் லைட் அடித்துவிட்டு, "ஒண்ணும் இல்லை, பழகிக்குங்க" என்றார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றும் இல்லையென்றால் விடிய விடிய எனக்குக் கேட்பது என்ன? பஸ்ஸில் வரும்போது அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் வேறொரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். இதைக் குணப்படுத்த மாத்திரை கிடையாது என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் ஆடியோகிராமை, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்த கோட்டுப் படத்தை, காட்டிப் பேசினார். 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற ஒலிகள் இருக்கும் இடத்தில், கோடு சட்டென்று இறங்கியிருந்தது. இரைச்சலில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் அடிபடுமாம். ஒலியை உணரும் உட்காதின் மயிர்செல்கள் ஒருமுறை போனால் திரும்ப வராது. வரவேண்டிய ஒலி வராததால் மூளை தானே வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது என்றார். அப்புறம் 25 கேள்விகள் உள்ள ஒரு தாள். தூக்கம் கெடுகிறதா, எரிச்சல் வருகிறதா, படிக்க முடிகிறதா என்றெல்லாம் கேட்டு 100-க்கு மதிப்பெண். "சத்தத்தை நான் கேட்க முடியாது, நீங்க சொன்னாத்தான் தெரியும்" என்றார். எப்போது நிற்கும் என்பதையே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, எவ்வளவு படுத்துகிறது என்று ஒருவர் கேட்டதே பெரிய ஆறுதல்.

முதல் டாக்டர் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். "பழகுவது நிஜம்தான், மூளை பழகும். ஆனா எப்படின்னு சொல்லித்தரணும். வெளியே 60 பேர் உட்கார்ந்திருந்தா அது நடக்காது" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அந்தச் சொல்லித்தரும் வேலைக்கு ஆள் போட வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

இப்போது காது மெஷின் போடுகிறேன். படுக்கும்போது ஃபேனை ஓடவிடுகிறேன், முழு அமைதியில் படுப்பதில்லை. மனநல ஆலோசகரிடமும் போகிறேன். சத்தம் கேட்டதும் "செவிடாகிடுவோமோ" என்று ஓடுகிற மனதைப் பிடித்து நிறுத்தப் பழக்குகிறார். இந்த வகை பயிற்சிக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. சத்தம் போகவில்லை, தூக்கம் வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். இந்தக் காது இரைச்சல் ஒரே காதில் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்டாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள்.