அழுதாலும் பிள்ளை அவளேதான் பெற வேண்டும்

(செவிலியர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்தின் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும், நம்மில் பாதிப் பேருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, நல்ல காரியம் என்று சொன்னதுமே வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட அறங்காவலர் ஐயா அவர்களே, வேலை நெருக்கடிக்கு நடுவிலும் வந்து வாழ்த்திய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களே, வரவேற்புரையில் என்னை என் தகுதிக்கு மேல் பாராட்டிய கிளைச் செயலாளர் தம்பி அவர்களே, எல்லோருக்கும் மேலாக, இரவுப் பணி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பஸ் ஏறி வந்து எனக்கு முன்னால் அமர்ந்திருக்கும் என் தங்கைகளே, தம்பிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ஆப்பிரிக்க நாடுகளில் செவிலியர்களும் மகப்பேறு செவிலியர்களும் சேர்ந்த ஒரு தேசியச் சங்கத்தை நிலைத்து நிற்கும்படி கட்டுவது எப்படி என்பது. மூன்று விஷயங்களைச் சொல்ல நினைத்திருக்கிறேன். ஒன்று சட்டம். இரண்டு, சங்கத்துக்குள் மருத்துவச்சிகளுக்கு, அதாவது மகப்பேறு செவிலியர்களுக்கு உள்ள இடம். மூன்று, பணம். சங்கத்தில் நான் பொருளாளராக இருந்தவள். ஆகவே மூன்றாவதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரசவ வார்டில் வேலை பார்த்த நமக்கெல்லாம் தெரிந்த பழமொழி ஒன்று உண்டு: அழுதாலும் பிள்ளை அவளேதான் பெற வேண்டும். நாம் கையைப் பிடித்துக்கொள்ளலாம், முதுகைத் தடவிக் கொடுக்கலாம், தைரியம் சொல்லலாம். வலியை வாங்கிக்கொள்ள முடியாது. சங்கமும் அப்படித்தான் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

சட்டத்தைப் பற்றி முதலில். தென்னாப்பிரிக்காவில் 1957ஆம் ஆண்டுச் செவிலியர் சட்டம் நம் தொழிலையே நிறத்தை வைத்துப் பிரித்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் வேலைநிறுத்தத்தைத் தடை செய்தது. எல்லோரும் ஒரே சங்கத்தில் கட்டாயமாகச் சேர வேண்டும் என்றும் சொன்னது. கட்டாய உறுப்பினர், கட்டாயச் சந்தா, ஆனால் போராடும் உரிமை கிடையாது! நிறவெறி ஆட்சி ஒழிந்த பிறகு, சிதறிக் கிடந்த அமைப்புகள் பேசிப் பேசி ஒன்றாகி, 1996 டிசம்பரில் டெனோசா என்ற ஒரே சங்கமாக எழுந்தன. கென்யாவில் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு தொழிற்சங்கம் அமைக்கவும் வேலைநிறுத்தம் செய்யவும் உரிமை தந்தது. செவிலியர்களுக்கென்றே 1977இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 149ஆம் உடன்படிக்கையும் இருக்கிறது. உரிமை தாளில் இருந்தால் போதுமா என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். கதை என்றாலும் நடந்தது.

2018 ஏப்ரல், ஜிம்பாப்வே. நீண்டகால ஜனாதிபதி முகாபே பதவி இழந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. புதிய துணை ஜனாதிபதி சிவெங்கா, அதற்கு முன் ராணுவத் தளபதி. ஏப்ரல் 16, திங்கட்கிழமை, அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கேட்டது தங்கள் படிகளை, நிலுவையை. மறுநாள் செவ்வாய்க்கிழமை ஓர் அறிக்கை வந்தது. என்ன அறிக்கை தெரியுமா? வேலைநிறுத்தத்தில் இருக்கும் செவிலியர்கள் அத்தனை பேரும் உடனடியாக வேலைநீக்கம்! ஒருவர் இருவர் இல்லை அம்மா, நாடு முழுவதும் பல்லாயிரம் பேர். ‘1 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கிவிட்டோம், அதற்குப் பிறகும் வேலைக்கு வரவில்லை, இது அரசியல்’ என்றது அரசு. வேலை கிடைக்காமல் இருக்கும் பயிற்சி பெற்றவர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் வைத்து வார்டுகளை நடத்துவோம் என்றது. ஓய்வு பெற்ற நம் அம்மா இங்கே இருக்கிறார்கள். முப்பது வருடம் உழைத்து முழங்கால் தேய்ந்து வீட்டில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிட்டு, ‘உன் மகள் வயதுப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டோம், நீ வந்து அவள் இடத்தில் நில்’ என்று சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும்? பெற்ற வயிறு எப்படிச் சம்மதிக்கும்?

ஹராரேயில் இருப்பது பரிரென்யத்வா மருத்துவமனை, புலவாயோவில் இருப்பது ம்பிலோ. இரண்டும் பெரிய மருத்துவமனைகள். அப்படிப்பட்ட இடங்களை ஒரு அறிக்கையால் நடத்திவிட முடியுமா? ட்ரிப் ஏற்ற யார் இருக்கிறார்கள்? குறைமாதக் குழந்தைக்குப் பால் புகட்ட யார் இருக்கிறார்கள்? செவிலியர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு வாரத்துக்குள் வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது, நீக்கப்பட்டவர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்பினார்கள். (கைதட்டல்) கைதட்டுங்கள், தட்ட வேண்டியதுதான். ஆனால் கதை இன்னும் இருக்கிறது. அதே சிவெங்கா 2020 ஆகஸ்டில் சுகாதார அமைச்சராகவும் ஆனார். 2023 ஜனவரியில் சுகாதாரப் பணிச் சட்டத்திருத்தம் அமலுக்கு வந்தது. இனிச் சுகாதார ஊழியர்கள் தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. மீறி நடத்தும் தலைவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை. ஒரு வாரத்தில் வென்றதை, ஐந்தாண்டில் சட்டம் போட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இந்த ஐந்தாண்டுக்கு ஈடுகொடுத்து நிற்க வேண்டுமானால் சங்கத்துக்கு முழுநேர வழக்கறிஞர் வேண்டும், அலுவலகம் வேண்டும், மசோதா வரும்போதே படித்துப் பார்த்து எழுதிக்கொடுக்கும் ஆள் வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும்.

கென்யாவைப் பாருங்கள். 2013இல் சுகாதாரத் துறை மத்திய அரசிடமிருந்து கவுண்டி எனப்படும் 47 உள்ளூர் அரசுகளுக்குக் கைமாறியது. நேற்று வரை ஒரே முதலாளி, இன்று 47 முதலாளிகள். சங்கமும் முதலாளியும் சம்பளம் பற்றிச் செய்துகொள்ளும் கூட்டுப்பேர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது கவுண்டிகளின் ஆளுநர்களா, மத்திய அரசா, சம்பளக் கமிஷன் சம்மதிக்க வேண்டுமா என்று ஆளாளுக்குக் கை காட்டினார்கள். 2017 ஜூன் 5 அன்று தொடங்கிய செவிலியர் வேலைநிறுத்தம் நவம்பர் 2 அன்றுதான் முடிந்தது. நடுவில் ஆகஸ்டில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அக்டோபரில் மறுதேர்தலும் நடந்தது. ஐந்து மாதம்! தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத கர்ப்பிணிகள் பூட்டிய வார்டைப் பார்த்துத் திரும்பினார்கள். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. வேலைநிறுத்தத்தை நான் ஆதரிப்பவள்தான். ஆனால் ஐந்து மாத வேலைநிறுத்தம் யாருக்கும் வெற்றி இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் கணக்கோடும் வக்கீலோடும் உட்காரும் பலம் சங்கத்துக்கு இருந்தால், பெரும்பாலும் வார்டு வாசலைப் பூட்ட வேண்டிய நிலையே வராது.

இங்கே பொருளாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கென்யாவின் தொழிலாளர் உறவுச் சட்டம் 2007இல் வந்தது. அதன்படி சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. உறுப்பினர் ஆகாதவரும் ஒப்பந்தத்தின் பலனை அனுபவித்தால் அவரிடமும் கட்டணம் பிடிக்க வழி உண்டு. அருமையான ஏற்பாடு. ஆனால் வேலைநிறுத்தத்தில் சம்பளம் நின்றுபோனால் என்ன ஆகும்? சந்தாவும் அதே நாளில் நின்றுபோகும். சங்கத்துக்குச் செலவு மிக அதிகமாக இருக்கும் மாதத்தில் வரவு பூஜ்யம். ஆகவே போராட்ட நிதி என்று தனிக் கணக்கு வேண்டும், சமாதான காலத்திலேயே நிரப்பி வைக்க வேண்டும். கென்யாவில் 2007இலிருந்து எம்-பெசா இருக்கிறது, செல்போனிலேயே பணம் அனுப்பலாம். முதலாளியின் கையை எதிர்பாராமல் உறுப்பினரிடமிருந்து நேராகச் சந்தா வாங்க அதைவிட நல்ல வழி எது?

வெளிநாட்டு உதவி வருகிறதே என்பார்கள். வருகிறது. நார்வே செவிலியர் சங்கம் மலாவி, சாம்பியா, ருவாண்டா நாடுகளின் சங்கங்களோடு பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்திருக்கிறது. தோழமை என்றால் அதுதான், அவர்களை வணங்குகிறேன். ஆனால் திட்டம் என்றால் முடிவுத் தேதி உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகு வாடகையை யார் கட்டுவது? அழுதாலும் பிள்ளை அவளேதான் பெற வேண்டும்.

பணம் மட்டுமல்ல, ஆளும் கசிந்து போகிறது. சுகாதார ஊழியர் பற்றாக்குறை கடுமையாக உள்ள நாடுகள் என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் 55 நாடுகளைப் பட்டியலிட்டது. அதில் 37 நாடுகள் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில் உள்ளவை. கானா, நைஜீரியா, ஜிம்பாப்வே எல்லாம் அதில் இருக்கின்றன. அங்கிருந்துதான் செவிலியர்கள் பிரிட்டனுக்குப் போகிறார்கள். போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நேற்றைய கிளைச் செயலாளர் இன்று மான்செஸ்டரில் இருந்தால் கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது? சங்கம் ஆளை நம்பி நடக்கக்கூடாது, பதிவேட்டை நம்பி நடக்க வேண்டும். கானாவில் 2025 ஜூனில் செவிலியர், மகப்பேறு செவிலியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்தை அமல்படுத்தச் சொல்லி. கையெழுத்து வாங்குவது ஒரு போராட்டம், கையெழுத்தை மதிக்கவைப்பது அதைவிடப் பெரிய போராட்டம். இரண்டாவதுக்கும் சந்தா வேண்டும்.

மருத்துவச்சிகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கானாவின் சங்கம் தன் பெயரிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. நைஜீரியாவும் அப்படியே. தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அது தனிக் கூட்டமே போட்டுப் பேச வேண்டிய விஷயம், அடுத்த முறை நம் கிராம சுகாதாரச் செவிலியர் தங்கைகளையே மேடையேற்றிப் பேசவைப்போம்.

இன்றைய தீர்மானத்துக்கு வருகிறேன். அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் மாதச் சந்தா, போராட்ட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, ஒவ்வொரு செவிலியர் தினத்திலும் வரவு செலவை எல்லோர் முன்னாலும் வாசிப்பது என்று மூன்று பகுதி அதில் இருக்கிறது. ஒப்பந்த ஊழியர்களுக்குப் பாதிச் சந்தா போதும் என்று ஒரு திருத்தம் வந்திருக்கிறது, அதை நான் மனமார ஆதரிக்கிறேன். சாப்பாட்டுக்கு முன் வாக்கெடுப்பு. படிவம் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது, பணியாளர் எண்ணை மறக்காமல் எழுதுங்கள். பணம் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள், ரசீது தராத கிளை இருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.